படை கலைந்த மறுநாள்

நெருப்பெரிச்சல், போயம்பாளையம், பூலுவப்பட்டி, பாண்டியன் நகர் பகுதிகளில் பனியன் கம்பெனிப் பெண்களிடையே சங்க வேலை செய்யும் தோழியருக்கு,



மாதர் சங்கக் கூட்டமோ தொழிற்சங்க மாநாடோ, பேனரில் கேப்டன் லட்சுமியின் படம் இல்லாமல் இருக்காது. ராணுவத் தொப்பி, நிமிர்ந்த நடை, பக்கத்தில் சுபாஷ் சந்திர போஸ். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பின்னால் துப்பாக்கியுடன் வரிசையாக நிற்கும் பெண்களும் தெரிவார்கள். பேனர் அடிக்கிறவர் பெரும்பாலும் அவர்களை வெட்டிவிடுவார், அளவுக்குள் அடங்காது. அப்படி வெட்டுப்பட்ட வரிசையைப் பற்றியது இந்த மடல். அதை உங்களுக்கு எழுதுவானேன் என்பது போகப்போகத் தெரியும்.

அந்த வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதற்கும் குறைந்த கூலி என்று இருந்த காலம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டவற்றில் இரண்டு முக்கியமானவை. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பெண் தொழிலாளர்களிடம் துரைகளும் அவர்களுடைய கையாட்களும் வாலாட்டுவது நிற்க வேண்டும். பிரிட்டிஷ் அரசு பட்டாளத்தை இறக்கிச் சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். தலைவர் ஆர். எச். நாதனை நாடு கடத்தினார்கள்.

அடுத்த ஆண்டே மலாயா ஜப்பானியர் கைக்குப் போனது. ரப்பர் வாங்க ஆள் இல்லை, அரிசி இல்லை. தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் சயாம் - பர்மா ரயில் பாதை போட வைத்தார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. இப்படிக் கிடந்த தோட்டங்களில்தான் 1943இல் போஸின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படைக்கு ஆள் சேர்த்தார்கள். சேர்ந்தவர்களின் மனதை 'நாட்டுப்பற்று' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அது இருந்தது, சந்தேகமில்லை. கூடவே பசி இருந்தது, கங்காணி இருந்தான். சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் சோறு போட்டு, "நீ சிப்பாய்" என்று சொன்ன ஓர் இடமும் முதல்முறையாகக் கிடைத்தது.

லட்சுமி அப்போது சிங்கப்பூரில் மருத்துவர். 1914இல் சென்னையில் பிறந்தவர்; 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பெண்கள் படை ஒன்று வேண்டும் என்று 1943 ஜூலை 9 அன்று போஸ் பேசினார். மூன்றே நாளில் லட்சுமி இருபது பெண்களைத் திரட்டித் துப்பாக்கியுடன் அணிவகுத்து மரியாதை செய்தார். அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தது. கோலாலம்பூர் கூட்டத்தில் 18 வயது ஜானகி காதுத் தோட்டைக் கழற்றி நிதிக்குக் கொடுக்க, அது படத்தோடு பத்திரிகையில் வந்து, அப்பா கோபித்துக்கொண்ட கதை மலேசியத் தமிழர்களிடையே பிரசித்தம். ஈப்போவிலிருந்து அக்காவும் தங்கையுமாகச் சேர்ந்தவர்களில் இளையவர் ராசம்மா, வயது 16.

1945 ஏப்ரலில் ரங்கூன் கைவிட்டுப் போகும் நிலை. அங்கிருந்த 'ராணிகளை', அதாவது படைப் பெண்களை, அனுப்பாமல் நகரமாட்டேன் என்று போஸ் நின்றார். பகலில் விமானம் குண்டு வீசும்; அதனால் மரத்தடியில் பதுங்கல், இரவில் நடை. சேற்றில் லாரிகள் மாட்டிக்கொண்டன. சிட்டாங் ஆற்றைக் கடந்து, காலெல்லாம் கொப்புளத்தோடு, பாங்காக் போய்ச் சேர மே மாதம் பாதி ஆகிவிட்டது. அந்த நடையில் பெண்களுக்குப் பொறுப்பு ஜானகி தேவர், வயது இருபது. ரயிலில் அனுப்பப்பட்ட இன்னொரு குழுவைக் கெரில்லாக்கள் வழியில் தாக்கினார்கள். ஜோசபின், ஸ்டெல்லா என்ற இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டே பெயர்கள்தான், ஊர் தெரியாது, தோட்டம் தெரியாது. இவர்கள் பெயரில் நம் ஊர்ப்பக்கம் ஒரு தெருவாவது உண்டா?

படையில் ஆயிரம் பேர் இருந்தார்கள் என்று ஒரு கணக்கு. அதில் பாதிதான் இருக்கும் என்று பின்னால் வந்த ஆய்வு. இரண்டில் எது சரி என்று சண்டை போட வேண்டியதில்லை. எண்ணிக்கையே இவ்வளவு ஆட்டம் காண்கிறது என்றால், முழுப் பெயர்ப் பட்டியல் நம் கையில் இல்லை என்று அர்த்தம்.

போர் முடிந்த மறுநாள் என்ன ஆனது? செங்கோட்டை வழக்கில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் ஷாநவாஸ், சேகல், தில்லான் மூவரையும் நிறுத்தினார்கள். நாடே அவர்கள் பின்னால் நின்றது. தோட்டத்துப் பெண்களை யாரும் வழக்கில்கூட நிறுத்தவில்லை. வந்த வழியே மலாயாவுக்கு, அதே லயத்துக்கு, அதே மரத்துக்குத் திரும்பினார்கள். அவர்கள் நிலைமை விசித்திரமானது. எந்த நாட்டுக்காகத் துப்பாக்கி எடுத்தார்களோ அதைப் பலர் கண்ணால் பார்த்ததே இல்லை. எந்த நாட்டில் வாழ்ந்தார்களோ அதற்காக அவர்கள் சண்டை போட்டதில்லை. இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவில் விழுந்துவிட்ட சிப்பாய்கள்.

இந்தியாவில் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கான மத்திய அரசு பென்சன் திட்டம் வந்தது 1972 ஆகஸ்டில். 1945இல் இருபது வயதில் இருந்தவள் அதற்குள் ஐம்பதை நெருங்கியிருப்பாள். திட்டத்தின் அடிப்படை அளவுகோல் சிறைவாசம்: பொதுவாக ஆறு மாதம், பெண்களுக்கு மூன்று மாதம். பெண்களுக்குப் பாதி என்பது சலுகைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பர்மாக் காட்டில் இரவு இரவாக நடந்ததற்கு எந்த ஜெயில் சூப்பிரண்டு சான்று கொடுப்பார்? பத்திரப்பதிவு ஆபீஸ் இருக்கும் ஊரில் வாழ்கிறவர்களுக்குக் காகிதம் என்ன செய்யும், காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

மூன்று பேர் மட்டும் மறுநாளையும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். லட்சுமி, செங்கோட்டை வழக்கில் நின்ற பிரேம் சேகலை மணந்து கான்பூருக்குப் போனார். அப்போது அதுவும் திருப்பூர் மாதிரி ஜவுளி நகரம்தான். பிரிவினையில் ஓடிவந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமுக்குப் போனார். 1981இல் சென்னையில் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடங்கியபோது நிறுவனர்களில் ஒருவர். 1984இல் விஷவாயு கசிந்த போபாலுக்கு மருத்துவக் குழுவோடு போனார். அதே ஆண்டு சீக்கியர்களுக்கு எதிரான கலவரத்தின்போது கான்பூர்த் தெருவில் இறங்கிக் கும்பலைத் தடுத்தார். 2002இல் அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றார். தொண்ணூறு தாண்டியும் கிளினிக்கில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 2012 ஜூலை 23இல் காலமானார். ஜானகி மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானதில் பங்கெடுத்து, பின்னால் மலேசிய மேலவை உறுப்பினர் ஆனார். ராசம்மா பூபாலன் ஆசிரியை ஆனார். 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்றே ஒரு சங்கம் கட்டி, ஆணுக்கு இணையான சம்பளம் கேட்டுப் போராடினார்.

மூவரையும் வணங்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: மூவருமே படித்த குடும்பத்துப் பெண்கள். பேட்டி கேட்டு வருகிறவருடன் ஆங்கிலத்தில் பேசக்கூடியவர்கள். பால் மரம் வெட்டிய ராணிகளில் அந்த அளவு தெரிந்த பெயர் ஒன்று சொல்லுங்கள் பார்க்கலாம். கஷ்டம்.

இதை அரசாங்கத்தின் குற்றமாக மட்டும் எழுதிவிட்டால் உங்களுக்கும் சுகம், எழுதுகிறவருக்கும் சுகம். முற்போக்கு இயக்கங்களும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கின்றன. தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில், 1946 முதல் 1951 வரை, பெண்கள் கெரில்லாக் குழுக்களில் இருந்தார்கள். துப்பாக்கி சுட்டார்கள், தூது போனார்கள், காட்டில் பிள்ளை பெற்றார்கள். மல்லு ஸ்வராஜ்யத்தின் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் விலை வைத்தார்கள். போராட்டம் வாபஸ் ஆனதும் பெண்களில் பெரும்பாலோரிடம் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். எந்த வீட்டுக்கு? சிலருக்கு வீடே இல்லை; சிலரை வீட்டில் சேர்க்கவில்லை. கொண்டபல்லி கோடேஸ்வரம்மா தலைமறைவு வாழ்க்கையை எல்லாம் கடந்து வந்தவர். கணவர் கொண்டபல்லி சீதாராமய்யா பிரிந்துபோனார். முப்பது வயதுக்கு மேல் ஹைதராபாத்தில் மறுபடி பள்ளிப் பாடம் படித்து, காக்கிநாடாவில் மாணவியர் விடுதி வார்டனாகச் சம்பாதித்துப் பிழைத்தார். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரையும் இழந்தார். தன் கதையை அவர் எழுதி வெளியிட்டது 2012இல், தொண்ணூறு வயதுக்கு மேல். 'ஆளற்ற பாலம்' என்று தமிழிலும் கிடைக்கிறது. உங்கள் சங்க அலமாரியில் இல்லையென்றால் வாங்கி வையுங்கள்.

அந்தப் பெண்களைத் தேடிப் போனது எந்தக் கட்சிக் குழுவும் இல்லை. ஹைதராபாத்தில் ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்ற சிறு பெண்கள் குழு. டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேச வைத்து, 1986இல் தெலுங்கில் புத்தகமாகப் போட்டார்கள். பெருமையோடு மனத்தாங்கலும் அதில் பதிவானது. தோழர்கள் எங்களைச் சமமாக நடத்தினார்கள் என்று சொன்ன வாயே, சண்டை முடிந்ததும் எங்களை மறந்தார்கள் என்றும் சொன்னது. இயக்கத்துக்குச் சங்கடம் என்று அந்தக் குழு அதை வெட்டவில்லை. இந்த நேர்மை பழக வேண்டியது.

இனி கடல் தாண்டி, நம் மொழி பேசும் இன்னொரு மண். 2009 மே மாதத்தில் ஈழப்போர் முடிந்தது. விடுதலைப் புலிகளின் முன்னாள் போராளிகள் ஏறக்குறைய 12,000 பேரை இலங்கை அரசு புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பியது. அதில் பெண்கள் 2,000க்கு மேல். புலிகளின் அரசியலைப் பற்றி உங்களுக்குள்ளேயே நாலு கருத்து இருக்கும், இருக்கட்டும். கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட சிறுமிகளும் அந்தப் படையில் இருந்தார்கள் என்பதை மறைக்கவும் கூடாது. ஆனால் கேள்வி அதுவல்ல. ஒரு கை இல்லாமல், உடம்புக்குள் குண்டுச் சிதறலோடு, முப்பது வயதில் ஊருக்குத் திரும்பிய பெண் எப்படிப் பிழைத்தாள்?

முகாமில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த தொழில்களில் தையலும் அழகுக்கலையும் முக்கியமானவை. போருக்குப் பிறகு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. நேற்றுவரை காவலரணில் நின்ற பெண் இன்று டார்கெட் போர்டுக்குக் கீழே ஓவர்லாக் மெஷினில். அவள் தைக்கும் துணி போகிற கடைகளுக்குத்தான் நெருப்பெரிச்சலில் பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்து, மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் துணியும் போகிறது. ஐரோப்பாவில் ஒரே கம்பியில் இரண்டும் தொங்கலாம். இதனால்தான் மடல் உங்களுக்கு வருகிறது.

ஆலைக்குப் போக முடியாதவர்கள் நிலைமை இன்னும் மோசம். "இயக்கத்தில் இருந்தவள்" என்று கல்யாணச் சம்பந்தம் தட்டிப் போகும். விசாரிக்க வருகிற ராணுவத்தானைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் குறைத்துக்கொள்வார். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போரால் கணவனை இழந்த பெண்கள் சுமார் 89,000 பேர் என்று 2010இல் அரசுத் தரப்பே சொன்னது. அந்த வீடுகளின் வாசலுக்கு முதலில் வந்து சேர்ந்தது நுண்கடன் கம்பெனி. வாராவாரம் வசூல், கட்டாவிட்டால் வாசலில் உட்கார்ந்து அவமானம். மகளிர் குழுக் கடனை அடைக்க ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற உங்கள் தெருப் பெண்களுக்கு இது புதிதல்ல. 2018இல் இலங்கை அரசே ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் அளவுக்குப் போனது.

விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுத் தலைவியாக இருந்த தமிழினி சில ஆண்டுச் சிறை, அதன் பிறகு புனர்வாழ்வு முகாம் எல்லாம் கடந்து 2013இல் வெளியே வந்தார். 2015 அக்டோபர் 18இல் புற்றுநோயில் இறந்தார். 'ஒரு கூர்வாளின் நிழலில்' என்ற அவருடைய நூல் அடுத்த ஆண்டு வந்ததும் இரண்டு பக்கமும் அடித்தார்கள்: ஒரு தரப்புக்குத் துரோகி, இன்னொரு தரப்புக்குப் போதாத வாக்குமூலம். ஒரு பெண் போராளி தன் சொந்தக் கணக்கை எழுதினால் அதை முதலில் படிப்போம், பிறகு தீர்ப்பு சொல்வோம் என்ற பொறுமை நம் ஆட்களுக்கு இருக்கவில்லை. செத்தவர் பதில் சொல்லவும் முடியாது.

வன்னிப் பெண்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. 2017 பிப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் அது நீண்டது. அதே மாதம் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பில், விமானப்படை பிடித்து வைத்திருந்த காணியின் வாசலிலேயே பெண்கள் பிள்ளைகுட்டிகளோடு தங்கினார்கள். மார்ச் 1இல் நிலம் கைக்கு வந்தது. கட்சி மேடை கிடையாது, பெரிய நிதி கிடையாது. முறை போட்டுச் சமைத்து, முறை போட்டு உட்கார்ந்து நடத்திய போராட்டம்.

வேறு இடங்களிலும் கதை இப்படித்தான். நேபாளத்தில் மாவோயிஸ்ட் படையில் 2007இல் ஐ.நா. சரிபார்த்துக் கணக்கெடுத்த 19,602 பேரில் பெண்கள் 3,846. கடைசியில் தேசிய ராணுவத்தில் சேர்க்கப்பட்டவர்களில் பெண்கள் மிகச் சொற்பம். நம் நாட்டில் சீருடையோடு ஒழுங்காக வேலை பார்த்தவர்களுக்கே கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 பிப்ரவரி 17இல். விமானப்படையிலிருந்து அனுப்பப்பட்ட 32 பெண் அதிகாரிகளுக்குப் பென்சன் கிடைத்தது 2022 நவம்பரில், பன்னிரண்டு ஆண்டு வழக்குக்குப் பிறகு. அவர்களிடம் நியமன உத்தரவு இருந்தது, சம்பளப் பட்டியல் இருந்தது. அப்படி இருந்தும் இந்தப் பாடு.

இப்போது உங்கள் விஷயம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதை விடவில்லை. 2022 ஏப்ரலில், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட உற்பத்தி நிறுவனத்தோடும், பிறகு வெளிநாட்டு பிராண்டுகளோடும் பெண்கள் மீதான பாலியல் தொல்லையை ஒழிக்க, நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டது. லைனில் மெஷின் ஓட்டுகிற பெண்களே புகாரைக் கேட்டு எழுதப் பயிற்சி பெற்றார்கள். கிள்ளான் தோட்டத்தில் 1941இல் கேட்டதும் இதையேதான், எண்பது வருட இடைவெளி. அந்தச் சங்கத்தின் பெரிய பலம் என்று சொல்ல வேண்டுமானால் அது நோட்டுப் புத்தகம்: யார், எந்த லைன், என்ன தேதி, என்ன நடந்தது.

அந்த நோட்டுப் பழக்கத்தைத்தான் இந்த மடல் பழைய போராளிகளுக்கும் கேட்கிறது. மலேசியாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. உங்கள் உறுப்பினர்களில் யாருக்காவது தோட்டத்திலிருந்து வந்த அப்புச்சியோ அமத்தாவோ இருந்திருக்கலாம். டிரங்குப் பெட்டியில் ஒரு புகைப்படம் கிடக்கலாம். கேளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை: இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து வேலைக்கு வரும் பெண்களிடம் "நீ இயக்கத்தில் இருந்தாயா" என்று ஒருநாளும் கேட்காதீர்கள். கியூ பிரிவு போலீசின் கண் அவர்கள்மேல் இருக்கும். உங்கள் நோட்டு அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிடக் கூடாது. அவர்களுக்கு இ.எஸ்.ஐ. கார்டும் பி.எப். நம்பரும் வாங்கிக் கொடுத்தாலே போதும். சொல்ல வேண்டியதை அவர்களே ஒருநாள் சொல்வார்கள், சொல்லாவிட்டாலும் குற்றமில்லை.

கடைசியாக ஒரு சொந்தக் கணக்கு. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது. மேடையில் பேசிய ஆண் தலைவர்களின் பெயரை உங்கள் மூத்த தோழர்கள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். கைமடித்தும் டேமேஜ் பார்த்தும் வந்த கூலி நின்றுபோய், அந்த நான்கு மாதமும் அடுப்பை அணையவிடாமல் வைத்திருந்த பெண்களின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். அன்று இருபது வயதில் இருந்தவர்களுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது; முதலில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சமையல் முடிந்து, பேரப்பிள்ளைகள் தூங்கும் நேரமாகப் பார்த்துப் போனால் பேசுவார்கள். எழுதும்போது கணவர் பெயரோடு நிறுத்தாமல் எந்தக் கம்பெனி, என்ன வேலை, அப்போது என்ன கூலி, ஸ்ட்ரைக் முடிந்ததும் திரும்ப வேலைக்கு எடுத்தார்களா என்பதையும் எழுதுங்கள். ஒரு படி சங்க ஆபீசில் இருக்கட்டும், இன்னொரு படி சொன்னவரிடமே இருக்கட்டும்.

தோழமையுடன்,
நெருப்பெரிச்சலிலிருந்து